லெனினாவின் மறதி

கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வகத்தில் கருவியலாளராகச் சேர்ந்த ஆண்டில்தான், ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலைப் படித்தேன். எதிர்காலத்தைப் பற்றிய எச்சரிக்கை என்று பலரும் போற்றும் அந்நூலின் முதல் அத்தியாயம், எனக்கு எங்கள் பணியறையைப் போலவே தோன்றியது. அங்கே கருமுட்டைகள் உடல் வெப்பத்தில் காக்கப்படுகின்றன. எங்கள் இன்குபேட்டரும் 37 பாகையில்தான் இருக்கிறது. அங்கே கருக்கள் புகைப்படச் சுருளைப் போலச் சிவப்பு வெளிச்சத்தை மட்டுமே தாங்கும். நாங்களும் தட்டை வெளியே எடுக்கும்போது விளக்கைத் தணித்துவிடுவோம்.

ஐந்தாறு நாள்களுக்கு மேல் இந்த ஒற்றுமை நீடிப்பதில்லை. அதற்குள் நாங்கள் கருவைத் தாயின் கருப்பையில் வைத்துவிடுவோம், அல்லது திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடுவோம். ஹக்ஸ்லியின் கருக்களோ, பெண்பன்றியின் வயிற்றுச் சவ்வு விரித்த குடுவைகளுக்குள், கார் ஆலையின் உற்பத்தி வரிசையில் போல, நாளொன்றுக்கு 8 மீட்டர் வீதம் 267 நாள்கள் நகர்ந்து, 2,136 மீட்டரைக் கடந்த பிறகே பிறக்கின்றன.

ஹக்ஸ்லிக்கு முன்பே, 1923-இல், பிரித்தானிய உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் கேம்பிரிட்ஜில் ‘டீடலஸ்’ என்னும் உரையை வாசித்தார்; பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். உடலுக்கு வெளியே வளர்ந்த முதல் குழந்தை 1951-இல் பிறக்கும் என்றும், 1968-இல் பிரான்சு ஆண்டுக்கு 60,000 குழந்தைகளை இவ்வாறு உருவாக்கும் என்றும், 150 ஆண்டுகளுக்குப் பிந்தைய மந்தமான மாணவர் ஒருவரின் கட்டுரையாக அவர் கற்பனை செய்தார். சுவையான கற்பனைதான், ஆயினும் குடுவையைத் தொட்டு வேலை செய்யும் கை எதுவும் அதில் தென்படவில்லை.

அந்தக் கை ஹக்ஸ்லியிடம் உண்டு. குடுவைகளுக்குத் தூக்க நோய்த் தடுப்பூசி போடும் லெனினா, மனம் வேறெங்கோ இருக்க, ஒரு குடுவைக்குப் போட்டோமா இல்லையா என்று தடுமாறுகிறாள். இரண்டாம் முறை போட்டுவிடக் கூடாதே என்று அடுத்த குடுவைக்கு நகர்கிறாள். 22 ஆண்டுகள் கழித்து ஓர் இளம் நிர்வாகி அந்நோயால் இறப்பார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கதை வேறிடம் போகிறது. சாதிவாரியாக மனிதரை வார்க்கும் அத்தியாயங்களைவிட அந்த வாக்கியமே என்னை நடுங்கவைத்தது.

இரண்டாம் ஆண்டில் எனக்கும் அது நேர்ந்தது. மூன்றாம் நாள் கருக்களைப் புதிய ஊட்டத் தட்டுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. பேசிவிட்டுத் திரும்பியபோது, ஒரு தம்பதியரின் கருக்களை மாற்றினேனா என்பது நினைவில் இல்லை. சாட்சிக் கையெழுத்திட வேண்டிய மூத்த சகாவிடம், வெட்கத்தோடு, அதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. பழைய தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் இங்கதாம்மா இருக்கு, பேரை வாசி” என்றார். நான் பெயர்களை உரக்க வாசித்தேன். அவர் சரிபார்த்த பிறகு கருக்களை மாற்றினேன்.