பாத்ரூம் உடைக்கப் போறீங்களா?

கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் படர்ந்துவிட்டது. ஜூன் மழைக்கு முன்னாடியே பாத்ரூமை முடித்தாக வேண்டும். மும்பை செம்பூரில் கான்ட்ராக்டருக்கா பஞ்சம்?

முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே, "எல்லாம் சேர்த்து ஒண்ணேகால் லட்சம் சார்" என்றார். எதெல்லாம் சேர்த்து என்று கேட்டால் சிரிப்புதான் பதில்.

அடுத்தவர் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். "சத்தத்தைக் கேளுங்க அண்ணாச்சி, அடியில காலி." நானி டிராப்பை, அதாவது தரையில் தண்ணீர் இறங்கும் வடிகாலைச் சுற்றித்தான் ஒழுகல் என்று விரலை வைத்துக் காட்டினார். தொகை கூடத்தான். ஆனால் கூலி, சாமான், இடிபாட்டை மூட்டை கட்டி இறக்கும் செலவு, எல்லாம் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். இந்த மூட்டைக் கணக்கை முதலில் வாயே திறக்காமல் கடைசியில் கழுத்தில் துண்டு போடுவது இங்கே பலருக்கு வாடிக்கை.

அவருக்கு நான் போட்டது ஒரே நிபந்தனை. வாட்டர்ப்ரூஃபிங் (நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு) காய்ந்த உடனே டைல்ஸ் ஒட்டிவிடக் கூடாது. வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் கீழே போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை அடுத்த தவணை கிடையாது. முகம் லேசாகச் சுருங்கியது, அப்புறம் சரி என்றார்.

சொசைட்டிக்கு, அதாவது குடியிருப்புச் சங்கத்துக்குக் கடிதம், டெபாசிட் எல்லாம் ஆச்சு. மதியத் தூக்க நேரத்தில் டிரில் போட்டால் மராத்தியில் விழும் அர்ச்சனை தனி.

டைல்ஸ் இடுக்கை அடைக்க எபாக்ஸி (பிசின் கலவை) போடலாமா, சாதா சிமெண்ட் கிரவுட் போதுமா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.