நான்காவது லைனுக்கு யார்? திருப்பூர் நாட்குறிப்பு

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

எங்கள் பனியன் கம்பெனியில் நான்காவது தையல் லைன் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டார். தரம் சோதிக்கும் என்னை மேனேஜர் கூப்பிட்டு, "கியூசி பார்க்கறவர் நீங்க, யாரைப் போடலாம்னு சொல்லுங்க" என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் தம்பியின் பெயரைச் சொன்னேன். அவனுக்கு 3 வருஷ அனுபவம். மடிப்புத் தைக்கும் பேட்லாக் மெஷின் ஓட்டும் அக்காவுக்கு 12 வருஷம். அவர் நினைவுக்கே வரவில்லை.

இரவெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. தம்பி தினமும் காலையில் வணக்கம் சொல்வான், அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா என்று விசாரிப்பான். அக்காவோ, போன மாதம் நான் திருப்பி அனுப்பிய பண்டலை என் டேபிளிலேயே போட்டு, "டேப்பை நேராப் பிடிச்சு அளந்து பாருங்க" என்றவர். அளந்தேன். அவர் சொன்னதுதான் சரி. நாலு பேர் முன்னால் அவர் அப்படிச் சொன்னது எனக்குள் இன்னும் ஆறவில்லை போல.

7 ஆகஸ்ட், புதன்

இன்று அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். ஊசி துணியில் இறங்கும் சத்தம் மாறிவிட்டதாம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஊசியைக் கழற்றி நகத்தில் உரசிப் பார்த்தால் முனை மழுங்கியிருக்கிறது. மழுங்கிய ஊசி நூலை விலக்காமல் அறுத்துவிடும். தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, துவைத்த பிறகுதான் மடிப்போரம் வரிசையாக ஓட்டை விழும். அதற்குள் சரக்கு கப்பல் ஏறியிருக்கும். லைனில் மற்ற மெஷின்களையும் பார்த்தோம், இன்னும் 2 ஊசி அதே கதிதான்.

40 நிமிஷம் போயிற்று. மேனேஜர் போர்டில் குறைந்த பீஸ் கணக்கைத்தான் பார்த்தார். "அந்தம்மா வாயைத் திறந்தாலே லைன் நிக்குதுங்க" என்றார்.

அக்கா தடுத்த நஷ்டம் எந்த போர்டிலும் ஏறாது. நிறுத்திய நிமிஷம் மட்டும் ஏறும். வேலை தெரிந்தவர் பாதி நேரம் கெட்ட செய்தியோடுதான் நம்மிடம் வருகிறார், அப்புறம் அவரை எப்படிப் பிடிக்கும்?

8 ஆகஸ்ட், வியாழன்

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். 2,400 டீ-சர்ட் உள்ள லாட்டில் 125 பீஸ் எடுத்துப் பார்க்கிறோம். ஏ.க்யூ.எல் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 கணக்கில் 7 குறை வரை லாட் தேறும், 8 வந்தால் திரும்பும். பையர் சிரித்துப் பேசினார் என்பதற்காக எட்டை ஏழு ஆக்க மாட்டேன். சூப்பர்வைசரைச் சொல்லச் சொன்னபோது மட்டும் எதையும் எண்ணிப் பார்க்கவில்லையே.

10 ஆகஸ்ட், சனி

குறையென்று திரும்பி வந்த பீஸ்களை எழுதும் ஆல்டர் நோட்டை எடுத்து 3 மாதக் கணக்கு போட்டேன். அக்கா தைத்ததில் திரும்பி வந்தது மிகக் குறைவு. தம்பியுடையது சுமார்.

அதற்காக அவனைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. ஒடிசாப் பையன்களிடம் இந்தியில் பேசி வேலை வாங்குவது அவன்தான். துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்களுக்குள் சண்டை வந்தால் சமாதானம் செய்வதும் அவன்தான். சூப்பர்வைசருக்கு அதுவும் வேண்டும். ஆனால் சத்தத்தை வைத்து ஊசியைக் கண்டுபிடிக்கும் காது 3 வருஷத்தில் வராது. இனிமையாகப் பேச அக்காவுக்கு யாராவது துணை நிற்கலாம், அவனுக்கு அந்தக் காதை யார் தருவது?

நோட்டோடு போய், நான் முதலில் சொன்னது தப்பு, அக்காவைப் போடுங்கள் என்றேன். "அது எல்லாரோடயும் மல்லுக்கு நிக்குமுங்க" என்றார் மேனேஜர். நோட்டைத் திறக்கவே இல்லை.

14 ஆகஸ்ட், புதன்

தம்பியைத்தான் போட்டார்கள். என் முதல் பேச்சு போதுமானதாக இருந்திருக்கிறது.

மத்தியானம் அவன் அக்காவிடம் போய், புது லாட்டுக்கு எந்த நம்பர் ஊசி போடுவது என்று கேட்டான். அவர் சொல்லிக் கொடுத்தார். டீ நேரத்தில் என்னிடம் வந்து, "நீங்க யாரைச் சொன்னீங்க தம்பி?" என்றார்.

"முதல்ல அவனைச் சொன்னேங்க்கா. அப்புறம் உங்களை."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கையிலிருந்த பீஸை நீட்டி, "கழுத்து ரிப் அலை அலையா வருது, பாருங்க" என்றார். டேப்பை நேராகப் பிடித்து அளந்தேன்.