கேபிள் என் கையில், இணைப்போ 'அப்'

கேபிளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். ஸ்விட்சில் அந்த போர்ட்டின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. சர்வர் மட்டும் இணைப்பு நன்றாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

லினக்ஸ் சர்வர் அது. ஒரு நெட்வொர்க் கார்டு போனால் மற்றொன்று பொறுப்பேற்கும்படி இரண்டையும் பாண்டிங்கில் சேர்த்து, 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை இணைப்பைச் சோதிக்கும்படியும் அமைத்திருந்தேன். ஆனால் பிங் (சர்வர் பதிலளிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) நின்றதே தவிர, மாற்றுக் கார்டு அசையவில்லை.

பாண்டிங்கின் நிலைக் கோப்பைத் திறந்தேன்: 'அப்', அதாவது இணைப்பு இருக்கிறது. இணைப்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0 காட்டும் கேரியர் கோப்பில் 1. கார்டின் நிலையைக் காட்டும் எத்டூல் கட்டளையில், இணைப்பு உண்டா என்று கேட்டால் 'நோ'. ஒரே கார்டு, ஒரே நிமிடம். இதில் எதை நம்புவது?

பாண்டிங் இயல்பாக வன்பொருளைப் பார்ப்பதில்லை. லினக்ஸின் மையமான கெர்னல் வைத்திருக்கும் கேரியர் குறியைத்தான் பார்க்கிறது; கேரியர் கோப்பு காட்டுவதும் அதையே. இணைப்பு அறுந்ததும் அந்தக் குறியை இறக்குவது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கடமை. இந்த டிரைவர் அதைச் செய்யவே இல்லை. எத்டூல் கேட்கும்போது மட்டும், கார்டின் சிப் தன் நிலையைக் குறித்துவைக்கும் பதிவேட்டைப் படித்துப் பதில் தந்தது.

அந்தப் பதிலிலும் ஒரு கோளாறு இருந்தது. கேபிளைத் திரும்பச் செருகி, விளக்கு எரிந்த பிறகு கேட்டேன்: 'நோ'. உடனே மறுபடி கேட்டேன்: 'யெஸ்'. பலமுறை செய்து பார்த்தும் இதே வரிசைதான். இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் பதிவேட்டில் இணைப்பு நிலையைச் சொல்லும் பிட் 0 ஆகி, யாராவது படிக்கும்வரை அப்படியே நிற்கும். அதன் வரையறையே அதுதான். முதல் வாசிப்பில் கிடைப்பது பழைய செய்தி, இரண்டாவதில்தான் இன்றைய நிலை. டிரைவர் ஒருமுறை மட்டும் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. இரண்டு வரிக் கவனக்குறைவுக்கு எனக்கு ஓர் இரவு போனது. இன்னும் ஆற்றாமை தீரவில்லை.

கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்டை நாமே கட்டளை கொடுத்து முடக்கி (டவுன் செய்து) வைத்திருந்தால் கேரியர் கோப்பு 0 தராது, படிக்கும்போதே பிழை தரும். அதைக் கேபிள் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

அந்த சர்வரின் பாண்டிங்கில் அப்போது இருந்த 'யூஸ் கேரியர்' என்ற அமைப்பை 0 ஆக்கினேன். இனி அது குறியை நம்பாமல் டிரைவரிடமே நேரடியாகக் கேட்கும். 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை கேட்பதால் பழைய செய்தியும் அடுத்த சுற்றிலேயே சரியாகிவிடும். மறுபடி கேபிளைக் கழற்றினேன். பிங் நிற்கவில்லை. அதே டிரைவர் ஓடும் மற்ற சர்வர்களிலும் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்பினேன்.