அலிவால் பழக்கத்தோடு ஃபால்ஸ் பேயில் இறங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டில் ஸ்கூபா பழகியவர்கள், கேப்டவுன் பக்கம் ஃபால்ஸ் பே கரையிலுள்ள சைமன்ஸ் டவுன் வந்ததும் கேட்பது, “கோமாளி மீன் எங்கே இருக்கும்?” இருக்காது. அது வெதுவெதுப்பான கடலின் மீன். அது குடியிருக்கும் கடற்சாமந்தியின் (அனிமோன், பாறையில் ஒட்டி உணர்கொம்புகளைப் பூப்போல விரிக்கும் விலங்கு) வகைகள் மட்டும் இங்கே பாறை தெரியாத அளவுக்கு அப்பிக்கிடக்கிறது. அதையும் காணாமல் திரும்புகிறவர்கள் உண்டு, காரணம் வேகம். அலிவாலில் நீரோட்டத்தோடு மிதந்துபோனால் போதும். இங்கே ஒரு வீட்டுச் சுவரளவு பாறைக்கே அரைமணி நேரம் பிடிக்கும்.

எந்த நாளில் எங்கே இறங்குவது என்பதைக் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோடையில் தென்கிழக்குக் காற்று ஃபால்ஸ் பேயைக் கலக்கிவிடும். அதே காற்று அட்லாண்டிக் பக்கம் மேல்நீரைக் கரையிலிருந்து தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும். அங்கே 10 டிகிரிகூட இருக்கலாம். ஆகவே இங்கே கோடையான ஜனவரியில் அட்லாண்டிக் பக்கத்து ஔடெக்ரால், குளிர்காலமான ஜூலையில் ஃபால்ஸ் பே பக்கத்து மில்லர்ஸ் பாயின்ட். இரண்டு பக்கமும் கடல் பாதுகாப்புப் பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்காதீர்கள்.

உடுப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்: 7 மி.மீ. சூட், தலைமூடி, கையுறை. சூட்டின் தடித்த நியோப்ரீன் ரப்பர் அதிகம் மிதக்கும் என்பதால், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடைக்கு டர்பன் கணக்கு இங்கே உதவாது. சிலிண்டரில் 50 பார் (அழுத்த அளவு) காற்று மிச்சமிருக்கும்போது, காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல், சாதாரணமாக மூச்சை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். அதுதான் சரியான எடை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகி சூட் நசுங்கும், மிதப்பு குறையும். அங்கே ஜாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரில் காற்று அழுத்தம் குறைந்து விரியும்போது குளிரும். நீரும் 10 டிகிரிக்குக் கீழே போனால், உள்ளே பனி பிடித்து வால்வு மூடாமல் காற்று கொட்டத் தொடங்கும். படகில் உட்கார்ந்து காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை அழுத்தி விளையாடுவதும், ஒரே நேரத்தில் ஜாக்கெட்டை ஊதிக்கொண்டே மூச்சிழுப்பதும் இதை வரவழைக்கும்.

கெல்ப் எனும் பெரிய கடற்பாசிக் காட்டில் சிக்கினால் சுழலாதீர்கள். சுழலச் சுழல இறுகும். அசையாமல் நின்று, தண்டை மடக்கினால் முறிந்துவிடும். மேலே இலை பாய்போல விரிந்திருக்கும், அடியில் தண்டுகளுக்கிடையே வழியிருக்கும். காற்று தீரும் நிலையில் மேலே வந்து அந்தப் பாயின்மீது நீந்துவது பெரும் பாடு. அதனால் 70 பாரிலேயே, அடிவழியாகவே திரும்புங்கள்.

இனி தேடல். ஆழம் கூடக்கூட சிவப்பு மறைந்து எல்லாம் பச்சையாகிவிடும், டார்ச் அவசியம். பாறையின் மேற்புறம் கெல்பும் பாசியும்தான். தொங்கும் விளிம்பின் அடிப்பக்கத்துக்கு வெளிச்சத்தைச் சாய்வாகக் கொடுங்கள். இளஞ்சிவப்பு விரிப்பு ஒன்று தெரியும். கிட்டப் போனால் ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, உணர்கொம்பு நுனியில் வெள்ளைக் குமிழ். இதுதான் ஸ்ட்ராபெரி அனிமோன். பெயர்தான் அனிமோன், உறவுமுறையில் பவளத்துக்கு நெருக்கம். ஒன்று இரண்டாகப் பிளந்தே பெருகுவதால் பக்கத்தில் இருப்பவை ஒரே நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும்.

கரைக்கு அருகே, அலை அடிக்கும் ஆழமில்லாத இடத்தில் மணல் அனிமோன். உடம்பெல்லாம் மணலும் சிப்பித் துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியிருந்தால் சரளைக்கல் என்று நினைத்து முட்டி வைத்துவிடுவீர்கள். அலை பெயர்த்துப்போடும் மட்டியும் கடல் முள்ளெலியும் இதற்குச் சாப்பாடு.

வாலால் கண்ணை மூடி வளையமாகச் சுருண்டிருக்கும் சிறு சுறாவையும் அங்கேயே பார்க்கலாம். அதன் பெயர் பஃப்ஆடர் ஷைஷார்க். தொந்தரவு செய்யும்போதுதான் அப்படிச் சுருளும், விலகிவிடுங்கள். படத்துக்காக முள்ளெலியைப் புரட்டவும் வேண்டாம். குட்டிப் பெர்லமூன் (அபலோன் எனும் கடல் நத்தை) ஒளிந்திருப்பது அதன் முள்ளுக்கு அடியில்தான்.