ஐட்லிங்கில் உதறும் கொரோலா 121: கொயில் வாங்கப் போகுமுன்

ஓட்டத்தில் குறை தெரியாது. கொழும்பு காலி வீதியில் கலர் லைட்டுக்கு நின்று, எஞ்சின் சும்மா ஓடும்போதுதான் (ஐட்லிங்) தெரியும்: கியர் டீயில் (D), ஏசி ஓடுகிறது, ஸ்டியரிங் உதறுகிறது, ஆர்பிஎம் முள் 700இல் நிற்காமல் 500க்கு இறங்கி ஏறுகிறது. கராஜில் காட்டினால் பெரும்பாலும் "பிளக்கும் கொயிலும் மாத்துவம்" என்பார்கள். கொயில் என்பது பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் பாகம். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் நாலு கொயிலுக்குக் காசு கொடுக்குமுன் அரை மணித்தியாலம் அளந்து பார்ப்பது நல்லது. எங்கள் 121இல் கடைசியில் பிழை ஒரு ரப்பர் ஹோஸில்தான் இருந்தது.

முதல் சோதனைக்குக் கருவி தேவையில்லை. எஞ்சின் சூடானதும், ஒவ்வொரு சிலிண்டராக, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றி மாட்டுங்கள். கழற்றிய கணத்தில் ஆர்பிஎம் விழ வேண்டும். பிறகு கம்பியூட்டர் அதை ஈடு செய்துவிடும், ஆகவே முதல் கணத்தைத்தான் கவனிக்க வேண்டும். எதைக் கழற்றும்போது மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. கொயில் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். எரியாத பெற்றோல், எக்ஸோஸ்டில் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினாலும் இதே ஆபத்துதான், அந்த நிலையில் காரை ஓட்டக் கூடாது.

எங்கள் காரில் நாலு சிலிண்டரிலும் ஆர்பிஎம் ஒரே அளவுக்கு விழுந்தது. நாலுக்கும் பொதுவான குறை என்றால் கொயில் மீதான சந்தேகம் பின்னுக்குப் போகும். காற்றும் பெற்றோலும் முன்னுக்கு வரும்.

அடுத்தது ஸ்கேனர். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பல பழைய கார்களோடு மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசாது. டொயோட்டா ஜப்பான் மொடல்களை வாசிக்கும் கருவி உள்ள இடத்துக்குப் போங்கள். கோட் மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது, ஃபியூவல் ட்ரிம்மைக் காட்டச் சொல்லுங்கள். கம்பியூட்டர் கணக்குப் போட்ட பெற்றோலுக்கு மேல் எத்தனை வீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. இங்கே ஐட்லிங்கில் +18, 2500 ஆர்பிஎம்மில் +4.

இந்த வித்தியாசத்தில்தான் விடை இருக்கிறது. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள சென்சர் அளக்காத காற்று எங்கோ உள்ளே போகிறது. 1.5 லீட்டர் எஞ்சின் ஐட்லிங்கில் இழுப்பது நொடிக்கு 2 கிராம் அளவு காற்றுத்தான், அதில் சிறு கசிவும் பெரிய பங்கு. 2500இல் இழுக்கும் காற்று பல மடங்கு கூடும். கசிவு தெரியாமல் போகிறது. மாறாக, ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெற்றோல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கான காற்றுச் சென்சர் பக்கம் தேடுங்கள்.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால், மனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) உறிஞ்சலை அளக்கும் வெக்கியூம் கேஜ் போதும். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல எஞ்சினில் முள் 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரச அளவு) அசையாமல் நிற்கும். அதே கேஜை நுவரெலியாவில் வைத்தால் 6 அங்குலம் அளவுக்குக் குறைத்துக் காட்டும், அது பிழையல்ல.

கசிவைத் தேட பலர் கார்ப் கிளீனர் அடிக்கிறார்கள். சூடான எக்ஸோஸ்டுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். ஸ்பிரே போத்தலில் தண்ணீர் போதும். கொயில், கனெக்டர்களில் படாமல் ஒவ்வொரு இணைப்பாக மெல்லத் தெளியுங்கள். வெடிப்பில் தண்ணீர் பட்டதும் ஒரு கணம் அடைபட்டு எஞ்சின் சத்தம் மாறும். இங்கே, எஞ்சினுக்குள் சேரும் ஒயில் ஆவியை மீண்டும் எரிக்க அனுப்பும் பிசிவி வால்விலிருந்து மனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸில் மாறியது. மேலிருந்து பார்த்தால் நல்ல ஹோஸ். கழற்றி வளைத்தபோது, மனிஃபோல்ட் முனையின் அடிப்பக்கத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. ஒயில் ஆவியில் ஊறி ரப்பர் அந்த இடத்தில் மட்டும் கொழகொழவென்று இருந்தது.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய ஹோஸைக் கையோடு கொண்டு போங்கள். அதே வளைவில் வார்த்த ஹோஸ்தான் வேண்டும். நேரான தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் வளைவில் மடங்கும், ஒயில் ஆவியில் ஊதிவிடும். பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்குங்கள். கிளிக் என்ற சத்தம் வராவிட்டால் அதையும் மாற்றுங்கள்.

எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரோட்டில் பொடியில் கரி இருந்தால் அதற்குரிய கிளீனரைத் துணியில் எடுத்துத் துடையுங்கள். காற்றுச் சென்சருக்கு அதன் தனி ஸ்பிரே மட்டுமே, அந்த மெல்லிய கம்பியைத் தொடக் கூடாது. பிளக் கழற்றினால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் குழியில் ஒயில் நின்றால் வால்வ் கவர் கேஸ்கட்டோடு குழாய் சீலையும் மாற்றாமல் புதுக் கொயில் போடுவது வீண். 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் உதறல் போகும் என்பதும் வீண் செலவுதான். இந்த எஞ்சினுக்கு 92 தாராளம்.

பிறகு பற்றரி முனையைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டி, ஏசி, லைட் எல்லாம் நிறுத்தி, எஞ்சின் சூடாகும் வரை, அதன் பிறகும் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். எங்களுக்கு ட்ரிம் +2க்கு இறங்கியது, முள் 700இல் நின்றது. ட்ரிம் சரியாகியும் டீயில் மட்டும் உதறி, நியூட்ரலில் (N) அடங்கினால், பெரும்பாலும் அது எஞ்சினைத் தாங்கும் ரப்பர், அதாவது எஞ்சின் மவுண்ட். பொனற்றைத் திறந்து, பிரேக்கை இறுக்கி மிதித்தபடி ஒருவர் கியரை டீக்கும் (D) ஆருக்கும் (R) மாற்ற, மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். எஞ்சின் தூக்கிப் போட்டால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது.