அசெஸ்மென்டுக்கு முன்

ஜூலை 3, 2023, திங்கள்

என்ஏபிஎச் அசெஸ்மென்டுக்குத் தேதி வந்துவிட்டது. இந்த மாதம் 13, 14, 15. மெயிலைப் படித்து முடித்த கையோடு நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மா, "யாருக்கும் லீவு கிடையாது" என்றார். என்ஏபிஎச் என்பது ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் வாரியம். அவர்கள் புத்தகத்தில் 10 அத்தியாயம், 100 ஸ்டாண்டர்டு, 651 அப்ஜெக்டிவ் எலிமென்ட். சின்னப் பிள்ளைகள் இப்போதே நோட்டில் எழுதி உருப்போட ஆரம்பித்துவிட்டார்கள். இதை முதலில் நிறுத்த வேண்டும்.

ஜூலை 4, செவ்வாய்

இரண்டாம் மாடி வார்டு, மருந்துத் தட்டில் கேசிஎல், அதாவது பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்து. டிஸ்டில்டு வாட்டருக்குப் பக்கத்திலேயே.

ஜூலை 5, புதன்

ராத்திரி முழுக்க அந்தத் தட்டுதான் கண்ணில் நின்றது. இரண்டுமே 10 மில்லி ஆம்பியூல். இரண்டிலும் நிறமில்லாத தண்ணீர். லேபிளில் பொடி எழுத்து. விடியற்காலை 3 மணிக்கு, ஆன்டிபயாட்டிக் பவுடரைக் கலக்க டிஸ்டில்டு வாட்டரைத் தேடும் கை பக்கத்தில் இருப்பதை எடுத்துவிட்டால்? நீர்க்காத பொட்டாசியம் நேராக நரம்பில் ஏறினால் இதயம் நின்றுவிடும். யார் ஓடிவந்தும் பிரயோஜனம் இருக்காது. வார்டில் இதை வைக்கவே கூடாது.

ஃபார்மசியில் பேசினேன். "நைட்ல நான் ஒருத்தன்தான் சிஸ்டர், ரெண்டு மாடி ஏறிக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள இங்க ஆள் நிப்பாங்க" என்றார் அந்தத் தம்பி. அவர் சொல்வதும் நியாயம்தான். ஐசியூவில் மட்டும் பூட்டிய பெட்டியில் வைக்கலாம். சிவப்பு லேபிள். எடுக்கும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து. வார்டுக்குத் தேவைப்பட்டால் அங்கிருந்து வாங்கிக்கொள்ளட்டும். இப்படியே எழுதி மெடிக்கல் டைரக்டர் சாரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 7, வெள்ளி

லாபியில் பெயின்ட் அடிக்கிறார்கள். கேசிஎல் கடிதத்துக்குப் பதில் இல்லை.

ஜூலை 8, சனி

இன்று மனசு நிறைந்த நாள்.

ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு வகுப்பு. ரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். சூப்பர்வைசர் அதட்ட ஆரம்பித்தார். அப்போது டயாலிசிஸ் பக்கம் வேலை பார்க்கும் அக்கா எழுந்து, "வாயால சொல்ல வராது சிஸ்டர். தரையில ஊத்துங்க, செஞ்சு காட்டுறேன்" என்றார்.

குங்குமம் கரைத்த தண்ணீரை ஊற்றினேன். முதலில் மஞ்சள் போர்டைக் கொண்டுவந்து வைத்து ஆட்களை ஒதுங்கச் சொன்னார். கிளவுஸ், மாஸ்க். உறிஞ்சும் பேப்பரை மேலே விரித்து அதன்மேல் ஹைப்போ (கிருமி கொல்லும் பிளீச் கரைசல்) ஊற்றினார். "ஊறட்டும்" என்று சொல்லி இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூட்டித் துடைத்து, பேப்பரை மஞ்சள் பையில் போட்டார். கிளவுஸ் சிவப்புப் பைக்கு. அப்புறம் கை கழுவினார், விரல் இடுக்கு, கட்டைவிரல் எதையும் விடாமல். புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்தார். அசெஸ்ஸர் கேட்டாலும் இதே மாதிரிச் செய்து காட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

மூன்றாம் மாடியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை தீப்பிடித்தால் வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்ற 'ரேஸ்' பாடத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தது. "சரிம்மா, உன் வார்டில் தீயணைக்கும் எக்ஸ்டிங்விஷர் எங்கே?" என்றேன். தெரியவில்லை. அது மாட்டியிருக்கும் சுவர் அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எக்ஸ்டிங்விஷரின் பூட்டுப் பின்னைத் தொடவைத்தேன்.

ஜூலை 10, திங்கள்

போன மாதக் கேஸ் ஷீட்டுகளில் விட்டுப்போன நேரத்தையும் கையெழுத்தையும் இப்போது போடச் சொல்கிறார்கள். மேலிடத்து உத்தரவாம். முடியாது என்று நேரில் போய்ச் சொன்னேன். நடக்காததை நடந்ததாக எழுதுகிற நர்சின் சார்ட்டை நாளைக்கு எந்த டாக்டர் நம்பி மருந்து எழுதுவார்? விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும். எத்தனை விடுபட்டது, இனி விடாமலிருக்க என்ன செய்தோம் என்று ஆடிட்டில் காட்டுவோம். அசெஸ்ஸர் நான்கன்ஃபார்மிட்டி (குறை) என்று எழுதினால் எழுதட்டும்.

அறையை விட்டு வரும்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில்.

ஜூலை 11, செவ்வாய்

கேசிஎல் கடிதத்தில் டைரக்டர் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார்! மாலைக்குள் எல்லா வார்டுகளிலிருந்தும் எடுத்து ஐசியூ பெட்டிக்கு மாற்றியாயிற்று. சாவி ஷிஃப்ட் இன்சார்ஜிடம். நைட் ஹேண்ட்ஓவரில் நானே நின்று சொன்னேன்.

ஜூலை 12, புதன்

பெயின்ட் வாசனையில் தலைவலி. காலை 8 மணி டியூட்டிப் பிள்ளைகள், "இனி எங்களைக் கேள்வி கேட்கவே வேண்டாம்" என்கிறார்கள், விட்டுவிட்டேன். சாப்பிடட்டும், தூங்கட்டும்.

இரவு 9.40. கடைசி ரவுண்டு. இரண்டாம் மாடித் தட்டு சுத்தம். கிராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி) சரி. மூன்றாம் மாடி ஃப்ரிட்ஜில், இன்சுலினுக்குப் பின்னால், இரண்டு கேசிஎல் ஆம்பியூல். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐசியூவில் ஒப்படைத்துவிட்டு, இன்னொரு தடவை மேலிருந்து ஒவ்வொரு வார்டாகப் பார்க்கப் போகிறேன்.