எங்கேதியில் பார்த்த குளம்பும் பாதமும்

சாக்கடல் கரையில் இருக்கும் எங்கேதி சரணாலயத்தில் தாவீது அருவிக்குப் போகும் பாதை சுலபமானதுதான். ஆனால் வழியிலேயே மலையாடுகளும் குழிமுசல் (hyrax) என்ற சிறு விலங்குகளும் என்னை நிறுத்திவிட்டன. யூதர்களின் உணவுச் சட்டத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

நிலத்து விலங்குக்கு யூத வேதத்தின் லேவியராகமம் 11ஆம் அதிகாரம் கேட்பது இரண்டே அடையாளங்கள்: குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசைபோட வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் உண்ணலாம். பின்னோக்கி வளைந்த பெரிய கொம்புகளோடு ஒரு கிடா நிழலில் படுத்திருந்தது. தாடை பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது. விழுங்கியது, சற்று நேரத்தில் தொண்டை வழியாக ஓர் உருண்டை மேலேறி வர, மறுபடி மெல்ல ஆரம்பித்தது. குளம்பும் சரியாக இரண்டாகப் பிளந்திருந்தது. அடையாளப்படி உண்ணத்தக்க விலங்கு. ஆனாலும் சுட்டு வீழ்த்தினால் ஆகாது. பயிற்சி பெற்றவர் கூரிய கத்தியால் முறைப்படி கழுத்தை அறுக்க வேண்டும். தவிர, இங்கே இது பாதுகாக்கப்பட்ட விலங்கு.

பக்கத்துப் பாறை இடுக்கில் குழிமுசல், முயல் பருமனில். வாயை அசைத்துக்கொண்டே இருக்கிறது. வேதம் இதை அசைபோடுவதாகவே சொல்கிறது, மாட்டைப் போல இரைமீட்காது என்கிறார்கள் விலங்கியலாளர்கள். எப்படியிருந்தாலும் பாதம் விடாது: மெத்தென்ற உள்ளங்கால், மழுங்கிய சிறு நகங்கள், குளம்பே இல்லை. ஒட்டகமும் முயலும் இப்படித்தான் விலக்கப்படுகின்றன. பன்றிக்கு நேர்மாறு. குளம்பு பிளந்திருக்கும், அசைபோடாது.

அப்புறம் எருசலேமில் மஹனே யெஹுதா சந்தை. மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும். செதில், தோலைக் கிழிக்காமல் உரிந்து வர வேண்டும். கெண்டை, திலாப்பியா எல்லாம் ஆகும். கலிலேயா கடலிலேயே பிடிபடும் கெளுத்தி ஆகாது, இறாலும் நண்டும் ஆகாது. துண்டு போட்ட மீனிலும் செதிலோடு கொஞ்சம் தோலை விட்டுவைப்பது வழக்கம். வாங்குபவர் தானே பார்த்துக்கொள்ளலாம். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

பறவைக்குத்தான் சிக்கல். வேதம் விலக்கப்பட்டவற்றின் பட்டியலை மட்டுமே தருகிறது. அதனால் முன்னோர் உண்டுவந்த பறவையா என்று மரபைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழிக்கு மரபு ஏது? யூத மதகுருக்களான ரபிகளிடையே விவாதம் நடந்தது, பெரும்பாலோர் ஏற்றார்கள். இன்று இஸ்ரேலில் ஷவர்மா என்றால் பெரும்பாலும் வான்கோழிதான்.